சாக்கடைத் தண்ணீர் எங்கே போகிறது? கேள்வி பதில்

பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். நம் தமிழ் மக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோரமங்களா: எங்கள் அபார்ட்மென்ட் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) நாறுகிறது. என்ன மருந்து போடலாம் சார்?

மருந்து வேண்டாம். தொட்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோயரை இரவில் நிறுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறைய இடங்களில் நிறுத்துகிறார்கள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது பாக்டீரியா. அதற்கு மூச்சு வேண்டும். தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்க வேண்டும். அது குறைந்தால் நாற்றம்தான். ப்ளோயரை நிறுத்தாதீர்கள்.

மாரத்தஹள்ளி: பெல்லந்தூர் ஏரி ஏன் நுரைக்கிறது?

சோப்புத்தூள். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்தால் அதில் பெரும்பகுதியை பாக்டீரியா தின்றுவிடும். வராமல் ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக நேரே ஏரியில் விழுவதுதான் பிரச்சினை. ஏரியில் போதிய ஆக்சிஜன் கிடையாது. அதனால் பாக்டீரியா தின்னாத சோப்பு அடிச்சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. மழை பெய்து சேறு கலங்கி, மதகில் தண்ணீர் விழும்போது நுரை பொங்குகிறது.

ஓசூர்: கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் எங்கள் வயலோரம் நுரை மலையாக நிற்கிறது. பெங்களூரிலிருந்து கோலாருக்குப் போவது சுத்தம் செய்த தண்ணீர், எங்களுக்குக் கழிவா?

உங்கள் கோபம் நியாயமானது. பெல்லந்தூர் நிரம்பினால் வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை, அடுத்து உங்கள் அணை. பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர். நந்தி மலையில் பிறக்கும் ஆறு இப்படிப் போகிறது.

தங்கவயல்: கோலாருக்கு மட்டும் அமுதமா வருகிறது?

இதையும் கேட்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டர் என்று திட்டமிட்டு, பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீரை 2018-இல் கோலாரின் ஏரிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டே அங்குள்ள லட்சுமிசாகர ஏரியில் நுரை தெரிந்தது. ஏரிகள் நிரம்பி நிலத்தடி நீர் ஏறியதில் வறண்ட கோலாருக்குப் பெரிய ஆறுதல், அதை மறுக்க மாட்டேன். ஆனால் போவது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு, அதாவது பாக்டீரியா அழுக்கைத் தின்னும் கட்டம் வரை முடிந்த தண்ணீர். நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் மிச்சமிருக்கும். மண்ணில் இறங்கி கிணற்றுக்கு வரும் தண்ணீர் என்பதால், அந்த மிச்சத்தையும் நீக்கும் மூன்றாம் கட்டமும் வேண்டும் என்பதே என் கருத்து.

ஓசூர்: அப்படியானால் தண்ணீரை எங்களுக்கே விடலாமே?

ஐயா, நீங்களும் தங்கவயல்காரரும் ஒரே தண்ணீருக்காகச் சண்டை போடுகிறீர்கள். கோலாருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தினாலும் உங்கள் நுரை நிற்காது. அது நிலையத்துக்குள் நுழையாமலே ஓடிவரும் சாக்கடையால் வருகிறது. குழாய் இணைப்பு இல்லாத வீடுகளையும், மழைநீர்க் கால்வாயில் சாக்கடையைத் திருப்பிவிட்ட கட்டடங்களையும் இணைக்கச் சொல்லி இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

கெங்கேரி: விருஷபாவதி தண்ணீரும் தமிழ்நாடு வருமா?

வரும். அர்க்காவதியில் சேர்ந்து, சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: ஏரி ஏன் நுரைக்கிறது?

மாரத்தஹள்ளிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

அல்சூர்: தொட்டி அடைத்துக்கொண்டது, ஆள் இறக்கலாமா?

கூடவே கூடாது. தொட்டியில் உண்டாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மூக்குக்கு வாசனையே தெரியாது. ஆள் அப்படியே விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் பிழைக்க மாட்டார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

ஜெயநகர்: நாங்கள் ப்ளோயரை இரவு 11 முதல் 5 வரை மட்டும்தான் நிறுத்துகிறோம், சரியா?

சரியில்லை. இன்று இரவே ஓட விடுங்கள்.