பழம் வெட்டும் தோளும் பால் சுமந்த தோளும்

வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட்டில் 22 ஆண்டுகளாக உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்துவருகிறேன். என் பாட்டியும் தோட்டத்தில் இதையே செய்தார். வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் 20 ஆண்டுகளாகச் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறார். வலது தோளும் பிடரியும் எந்நேரமும் வலிக்கின்றன. உருவிவிட்டால் மூன்று நாள் தேவலை. நான்காம் நாள் பழையபடி ஆகிவிடுகிறது. தொடர்ந்து உருவினால் முழுக்கக் குணமாகுமா?
– ஒரு வாசகி, பாகான் டத்தோ

பதில்: உருவுவதால் மட்டும் குணமாகாது, சகோதரி. வாரந்தோறும் வரச் சொல்லிக் காசு வாங்கிக்கொள்வது எனக்கு எளிது; ஆனால் நான்காம் நாள் வலி திரும்புவதற்குக் காரணம் என் கையிலோ உங்கள் கணவரின் தோளிலோ இல்லை, அவர் மறுநாள் காலையில் மீண்டும் கம்பைத் தூக்குகிறார் என்பதில்தான் இருக்கிறது.

அவருடைய ஒரு நாள் வேலையை நினைத்துப் பாருங்கள். மரம் இளசாக இருக்கும்வரை உளியால் குத்திக் குலையை இறக்கிவிடலாம். மரம் உயர்ந்துவிட்டாலோ, நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, தலையை முற்றாகப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, முதலில் மட்டையையும் அதன்பின் குலையின் காம்பையும் கீழ்நோக்கி இழுத்து அறுக்க வேண்டும். விழும் குலை 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். அதைத் தள்ளுவண்டியில் தூக்கிப்போடுவதும் பல இடங்களில் வெட்டியவரின் வேலைதான். கழுத்து பின்னால் மடிந்தபடியும் கை மேலே தூக்கியபடியும் இருக்கும்போது தோள்மூட்டின் குறுகிய இடைவெளியில் தசைநாண் நசுங்குகிறது. அதுவே நாளுக்குப் பல நூறு முறை நடந்தால் அந்த நாண் தேயாமல் என்ன செய்யும்?

உருவிவிடுவதால் இறுகிய தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது, கையைச் சற்று உயரத் தூக்க முடிகிறது. இது சிறிய உதவியல்ல. ஆயினும் அதன் அளவை அறிந்துகொள்ள வேண்டும். இடுப்பு வலிக்கு உடம்பு பிடித்துவிடுவதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பீடுகூட, வலி குறுகிய காலத்துக்கே குறைவதாகவும், அதற்குரிய சான்றும் வலுவானதல்ல என்றும்தான் சொல்கிறது. என் அனுபவமும் அதற்கு மாறானதல்ல.

என்னிடம் வரும் வெட்டுக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக அரிவாளை எப்போது தீட்டினீர்கள் என்பதைத்தான். மழுங்கிய அரிவாளாக இருந்தால் ஒரே இழுப்பில் விழ வேண்டிய மட்டை நான்கு இழுப்பு வாங்கும். அந்த மூன்று அதிக இழுப்பும் தோளின் கணக்கில்தான் சேரும். நடுவே ஒருமுறை நிறுத்தித் தீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பை எப்போதும் ஒரே பக்கமாக நின்று இழுக்காமல் கால் மாற்றி நிற்கச் சொல்லுங்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமலோ கையைத் தூக்கவே முடியாமலோ போனால் அரசாங்க கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். போகும்போது "தோள் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டாம். எத்தனை ஆண்டுகளாகப் பழம் வெட்டுகிறார், கையை எப்படித் தூக்குகிறார் என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி அதை எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிடத்து விபத்துக்கு மட்டும் உரியதல்ல; வேலையால் வந்த நோயும் அதில் அடங்கும். வலிக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு மருத்துவப் பதிவில் இல்லாவிட்டால், பின்னாளில் அதை நிலைநாட்டுவது பெரும்பாடாகிவிடும். நம் ஆட்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. பேருந்தில் நெடுந்தூரம் போய்வந்தபின் நான்கு நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. சூட்டு ஒத்தடம் கொடுத்து அழுத்தி உருவலாமா?
– ஒரு வாசகர், பாடாங் செராய்

பதில்: கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்தவுடனேயே, அம்மாவை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி ஆசிரியர் வழியாகத் தொலைபேசியில் சொல்லச் செய்தேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு அம்மா, ஒரு காலில் மட்டும் வலி என்று வந்தார். நரம்பு சுருட்டிக்கொண்டது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருந்த நானும் அதையே நம்பி, எண்ணெய் தடவிக் கீழிருந்து மேலாக உருவத் தொடங்கிவிட்டேன். சற்று நேரம் கழித்துத்தான் அந்தக் கால் மற்றதைவிடச் சூடாக இருப்பது கைக்குத் தெரிந்தது. கட்டைவிரலை எடுத்த பிறகும் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கையை எடுத்துவிட்டு, அவருடைய மகனை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது. அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் என் கட்டிலிலேயே அவர் உயிர் போயிருக்கும். அவர் பிழைத்துக்கொண்டார். என் மேல் அவர் கோபப்படவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத ஒன்றாகவே இருக்கிறது.

அன்று முதல் தையற்காரர் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்று என் எண்ணெய்ப் புட்டிகளின் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காலில் மட்டும் வலி என்று யார் வந்தாலும் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து பார்க்கிறேன். டாக்டர்கள் கவனிக்கும் குறிகளில் ஒன்று, வீங்கிய கெண்டைக்கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருப்பது. அளவு ஒன்றாகவே இருந்தாலும் சூடும் சிவப்பும் இருந்தால் தொடமாட்டேன். நெடும்பயணம், அறுவைச் சிகிச்சை, பிள்ளைப்பேறு, படுத்த படுக்கை ஆகியவற்றுக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால் அந்த இடத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

சூட்டு ஒத்தடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நோய் நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும், "சூடு பொறுக்கிறதா?" என்று கேட்டால் பொறுக்கிறது என்றே சொல்வார்கள், தோலோ வெந்துபோயிருக்கும். ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்களின் காலுக்கு நான் சூடு வைப்பதே இல்லை.

கேள்வி: 40 நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டும், தலையைப் பிடித்து உருண்டையாக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு தாய், லாபிஸ்

பதில்: உடம்பில் எண்ணெய் தடவி மெல்ல நீவிவிடுங்கள், அதில் குழந்தைக்கும் சுகம், உங்களுக்கும் சுகம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும்; காதிலும் வேண்டாம். உச்சிக்குழியை அழுத்தக் கூடாது. கற்பூரம் காய்ச்சிய எண்ணெயும் கோடாலித் தைலமும் கைக்குழந்தையின் பக்கத்திலேயே வரக் கூடாது. மாமியாரிடம் கால் நீவும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். அதில் அவருக்கு உங்களைவிடக் கை தேர்ந்திருக்கும்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரமாகிறது. விழுந்த கையை இழுத்து உருவினால் சீக்கிரம் உயிர் வரும் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், தெலுக் இந்தான்

பதில்: இழுக்கக் கூடாது. தசையில் பிடிமானம் இல்லாத கையின் தோள்மூட்டு தன் குழியிலிருந்து நழுவும் நிலையில் இருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும். முதலில் பிசியோதெராபி, அதைத் தவறவிட வேண்டாம். அதற்குத் துணையாக, பாரம்பரிய மருத்துவப் பிரிவு உள்ள அரசாங்க மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்குப் பிந்தைய உருவுதல் உண்டு. டாக்டர் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும்.

கேள்வி: எஸ்.பி.எம். முடித்த என் மகள் மசாஜ் தொழில் கற்க விரும்புகிறாள். சொந்தக்காரர்கள் "அது குடும்பப் பெண்கள் செய்யும் வேலையா?" என்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு தந்தை, பெஸ்தாரி ஜெயா

பதில்: ஐயா, அந்தச் சொல்லை நானும் கேட்டுத்தான் வந்திருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், நான் செய்யும் வேலை தெரிந்ததும் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

தோட்டத்து லயத்தில் என் பாட்டியைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. சுளுக்கு என்றால் அவரிடம்தான் வருவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டிவிடவும் அவரைத்தான் அழைப்பார்கள். கூலி என்பது வெற்றிலை பாக்கோடு வைக்கும் காசுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனபின் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பாட்டி இல்லாமல் போனார். அந்த வேலை கடைக்குள் போயிற்று. கடைகளில் சில வேறு தொழில் செய்ததால் எல்லாருடைய பேரும் கெட்டது.

சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று சொல்லி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு 2007-இல் கெப்பாலா பத்தாஸில் தொடங்கியது. 2016-இல் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்தது; பாரம்பரிய இந்திய மருத்துவமும் அதில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட துறை. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் பலர் இத்தொழிலால் யாரிடமும் கையேந்தாமல் குடும்பம் நடத்துகிறார்கள். மகளைச் சேர்க்குமுன் அந்தப் பயிற்சி நிலையம் தரும் சான்றிதழ் சட்டப்படி செல்லுமா என்பதைச் சுகாதார அமைச்சில் விசாரியுங்கள். உடற்கூறு கற்றுத்தராமல் பிடிமுறை மட்டும் கற்றுத்தரும் இடமாக இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சொந்தக்காரர்களிடம் இதையும் சொல்லுங்கள். இன்று தோட்டங்களில் பழம் வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பையன்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என் கடைக்கு வந்து, என் தம்பி கையால் உருவிக்கொண்டு போகிறார்கள். என் பாட்டி எந்தத் தோளைப் பிடித்துவிட்டாரோ அதே தோள்தான். ஊரும் மொழியும் மட்டும் வேறு. எங்கள் மக்களிடம் வாங்கும் அதே கட்டணத்தைத்தான் அவர்களிடமும் வாங்குகிறோம். இந்த வேலையில் எனக்கு வெட்கப்பட ஏதும் இல்லை.

கேள்வி: நாள் முழுக்க மற்றவர் வலியைத் தொடுகிறீர்களே, உங்களுக்கு வலிக்காதா?
– ஒரு வாசகி, சிலிம் ரீவர்

பதில்: வலிக்கும். கட்டைவிரலின் அடிமூட்டு எனக்கு இப்போதே தேய்ந்துவிட்டது. அதனால் முழங்கையையும் உடம்பின் பாரத்தையும் கொண்டு வேலை செய்யப் பழகிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் பார்ப்பதில்லை.

மனத்துக்கு வலிப்பது வேறு. மாதந்தோறும் கடைசி வெள்ளிக்கிழமை எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வருவார். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் அவர் தனியாள். அவருக்குப் பெரிய நோவு ஒன்றும் கிடையாது. என் கடைக்கு வராவிட்டால் அந்த மாதம் முழுவதும் அவரை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். வந்ததும் வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் குப்புறப் படுப்பார். வலது தோளில், காண்டாக் கம்பு அழுந்தி அழுந்தி ஏற்பட்ட தடிப்பு ஒன்று புளியங்கொட்டை அளவுக்கு இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, அந்தத் தோளில் 30 ஆண்டு சுமந்திருக்கிறார். வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொட்டு அந்தத் தடிப்பைச் சுற்றி நான் நீவத் தொடங்கியதும், எந்த நிரையில் எந்த மரம் அதிகம் பால் கொடுத்தது, மழை வந்தால் யார் முதலில் ஓடுவார்கள் என்று சொல்ல ஆரம்பிப்பார். ஒவ்வொரு மாதமும் அதே கதைதான். நான் நடுவே, "அப்புறம் மண்டோர் என்ன சொன்னார்மா?" என்று கேட்பேன், அவர் தலையைத் தூக்கி, முதல்முறை சொல்வதைப் போலவே சொல்வார்.