பூண்டுச் சாறு இருக்க, அசிட்ரோம் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ‘அது எலி மருந்து’ என்று சொல்லி, பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றைக் காய்ச்சித் தேன் கலந்து கொடுக்கச் சொல்கிறார் சித்தப்பா. கீரையை ஏற்கெனவே விட்டுவிட்டோம். மாத்திரையையும் நிறுத்தலாமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: கூடாது. உலோக வால்வில் ரத்தம் கட்டினால் வால்வு அசையாமல் நின்றுவிடும். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

எலி மருந்துப் பேச்சில் பாதி நிஜம். 1920களில் வட அமெரிக்காவில் ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடி பூஞ்சை பிடித்துப்போக, அதைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. செடியிலுள்ள கூமரின், பூஞ்சையால், ரத்தத்தை உறையவிடாத டைகூமராலாக மாறியதுதான் காரணம். அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலிக்கும் 1954இல் மனிதருக்கும் பயன்பட்டது. அசிட்ரோம் அதற்குப் பங்காளி முறை. அதாவது மாத்திரையின் பூர்வீகமே செடிதான். ஆனால் இதை மில்லிகிராமில் அளக்கலாம், பலனை ஐ.என்.ஆரில் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கலாம்.

பூண்டும் இஞ்சியும் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டுவதைக் கொஞ்சம் குறைக்கும். அசிட்ரோம் வேலை செய்வது கல்லீரலில்: வைட்டமின் கே இல்லாமல் உருவாக முடியாத 2, 7, 9, 10 உறைவுக் காரணிகளைக் குறைக்கிறது. உலோக வால்வுக்கு வேண்டியது இதுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் வம்பு. தட்டணு பலவீனமானது ஐ.என்.ஆரில் தெரியாது, ரிப்போர்ட்டில் 2.8 என்று நன்றாக இருக்கும், ஈறில் ரத்தம் கசியும். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டால் ஒன்றுமில்லை. சுண்டக் காய்ச்சிய சாறு, பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை எதுவும் வேண்டாம்.

கீரையை விட்டதும் தேவையில்லாத வேலை. முருங்கைக்கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும் வைட்டமின் கே அதிகம்தான், அது மாத்திரையின் பலனைக் குறைக்கும்தான். சிக்கல் கூடக்குறையச் சாப்பிடுவதில். வாரம் இரண்டு நாள், ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அப்படியே. இப்போது மறுபடி தொடங்கினால் ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர் பாருங்கள். மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

இரவு மாத்திரை மறந்து மறுநாள்தான் நினைவு வந்தால், இரண்டாகப் போட வேண்டாம். நடவு முடிந்த இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்குவது, இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது இரண்டும் ஆபத்து. ஊசி போட்ட இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கட்டும். காய்ச்சலுக்கு நிலவேம்போ பப்பாளி இலைச் சாறோ குடிக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள். டெங்குவில் தட்டணு குறையும்போது அசிட்ரோம் அளவையே மாற்ற வேண்டியிருக்கும். கறுத்த மலம், தலையில் அடி, திடீர்த் தலைவலி என்றால் உடனே ஆஸ்பத்திரி.

வயலில் பாம்பு கடித்தாலும் அசிட்ரோம் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். கண்ணாடி விரியன் விஷம் ஏறியதா என்பதை ரத்தம் உறைகிறதா என்று வைத்துத்தான் பார்ப்பார்கள். மாத்திரை அந்தக் கணக்கைக் குழப்பிவிடக்கூடும்.