பட்டிமன்றத்துக்கு பொம்மை வழக்கை எடுங்க

"நீதிமன்றம் அரசியல்ல தலையிடுது"ங்கிற தலைப்பை மறுத்துப் பேச ஒரு வழக்கு கேட்டிருக்கீங்க. நண்பரே, 1994 பொம்மை தீர்ப்பையே எடுங்க. 1989ல கர்நாடகா முதல்வர் பொம்மை, சட்டசபையிலயே பெரும்பான்மைய நிரூபிக்கிறேன்னு கேட்டாரு, ஆளுநர் விடல, ஆட்சியக் கலைச்சுட்டாங்க. அந்த வழக்குலதான் சுப்ரீம் கோர்ட்டோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைய ராஜ்பவன்ல முடிவு பண்ணக்கூடாது, சபையில ஓட்டெடுத்துதான் பாக்கணும்னு சொல்லிடுச்சு, அதாவது கோர்ட் தானா முடிவெடுக்காம சபைகிட்டயே விட்டுடுச்சு. 2018ல கர்நாடகா முதல்வர் எடியூரப்பாவுக்கு பெரும்பான்மைய நிரூபிக்க ஆளுநர் 15 நாள் டைம் குடுத்தப்ப கோர்ட் அதைக் குறைச்சு மே 19ன்னு நாள் வச்சதும், அவரு ஓட்டெடுப்புக்கு முன்னாடியே ராஜினாமா பண்ணதும் கண்டிப்பா சொல்லுங்க. எதிரணி, நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொண்டுவந்த நீதிபதி நியமன ஆணையத்தை 2015ல கோர்ட்டே ரத்து பண்ணதத்தான் பிடிப்பாங்க, அது நியாயமான கேள்விங்க, அதுக்கு மட்டும் நல்லா தயாராகிட்டுப் போங்க.