ஈரான் மீது அமெரிக்கா போட்ட தடை மணலி வரை எட்டுவது எப்படி?

ஒரு நாட்டைப் பணிய வைக்க, அதனுடன் கொடுக்கல் வாங்கலை இன்னொரு அரசு நிறுத்துவதுதான் பொருளாதாரத் தடை. படை அனுப்பாமலே நெருக்கலாம் என்பதுதான் கணக்கு.

சரி, மற்ற நாடுகள் ஏன் ஒதுங்குகின்றன? காசிமேட்டில் பெரிய மீன் வியாபாரி ஒருவர், "அந்தப் படகுக்கு ஐஸ் போடுகிறவரிடம் நான் ஐஸ் வாங்க மாட்டேன்" என்றால், ஐஸ்காரர் என்ன செய்வார்? படகோடு பகை இல்லாமலே விலகிவிடுவார். டாலர் வரவு செலவு பெரும்பாலும் அமெரிக்க வங்கிகள் வழியே போவதால், எல்லா நாட்டு வங்கிகளுக்கும் அதே பயம்.

சென்னை மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நிறுவனம் 1965இல் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்தையும் பங்காளியாகக் கொண்டு உருவானது. அப்படியிருந்தும், தடையிலிருந்து இந்தியாவுக்கு அமெரிக்கா தந்திருந்த விலக்கு 2019 மே மாதம் முடிந்ததும் ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது.

தடை என்றால் மருந்தும் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். உணவுக்கும் மருந்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு, ஆனால் பணம் அனுப்ப வங்கிகள் தயங்குவதால் நோயாளிகள் தவிப்பதும் நடக்கிறது, அது பெரிய அநியாயம்.