பிரிட்டன் பென்ஷன், கோவையில் வீடு: வரி எந்த நாட்டுக்கு?

கேள்வி: லெஸ்டரில் ஒரு தனியார் பொறியியல் நிறுவனத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டைத்தான் வைத்திருக்கிறேன். நகரசபை அலுவலகத்தில் பணியாற்றிய என் மனைவி பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை உண்டு. அடுத்த ஆண்டு கோவைக்கு நிரந்தரமாகத் திரும்புகிறோம். எனக்கு ஆண்டுக்கு ஸ்டேட் பென்ஷன் 10,600 பவுண்டும் கம்பெனி பென்ஷன் 9,000 பவுண்டும், மனைவிக்கு நகரசபை பென்ஷன் 7,000 பவுண்டும் வருகின்றன. இது தவிர, நான் இன்னும் கை வைக்காத ஒரு தனிநபர் பென்ஷன் சேமிப்பும் இருக்கிறது. “அங்கேயே வரி பிடித்துவிடுகிறார்கள், இந்தியாவில் எதையும் காட்ட வேண்டாம்” என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லெஸ்டர்

பதில்: அன்புள்ள ஐயா, சரியல்ல. உங்கள் நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த யோசனையை நம்பி நடந்தால், சில ஆண்டுகளில் பிரிட்டனில் கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டியவராகவும், இந்தியாவில் கட்ட வேண்டிய வரியைக் கட்டாதவராகவும் ஒரே சமயத்தில் நிற்பீர்கள்.

இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 1993-இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. எந்த நாட்டில் வரி குறைவோ அங்கே கட்டிக்கொள்ளும் உரிமையை அது நமக்குத் தரவில்லை. எந்த வருமானத்துக்கு எந்த நாடு வரி விதிக்கலாம் என்பதை அதுவே பிரித்து வைத்திருக்கிறது. ஒருவர் எந்த நாட்டில் வசிக்கிறாரோ அந்த நாடு மட்டுமே அவருடைய பென்ஷனுக்கு வரி விதிக்கலாம் என்பது பொது விதி. எனவே நீங்கள் இந்தியாவில் வசிப்பவராகிவிட்ட பிறகு, உங்கள் கம்பெனி பென்ஷனுக்கு வரி விதிக்கும் உரிமை இந்தியாவுக்கு மட்டுமே உண்டு. ஸ்டேட் பென்ஷனுக்கும் இதே விதிதான். பிரிட்டிஷ் அரசு கொடுக்கிறது என்பதால் அதை அரசு ஊழியர் பென்ஷன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டிய எவருக்கும் கிடைப்பது, அரசுப் பணிக்காகத் தரப்படுவதல்ல.

உங்கள் மனைவியின் பென்ஷன் வேறு வகை. அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ பணியாற்றியதற்காக அந்த அமைப்பே தரும் பென்ஷனுக்கு, அதைக் கொடுக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம். பெறுபவர் மற்ற நாட்டில் வசிப்பவராகவும் அந்த நாட்டின் குடிமகனாகவும் இருந்தால் மட்டும் உரிமை அந்த நாட்டுக்கு மாறிவிடும். உங்கள் மனைவி கோவையில் வசித்தாலும் பிரிட்டிஷ் குடிமகளாகவே இருப்பதால், அவருடைய நகரசபை பென்ஷன் பிரிட்டனின் வரி எல்லைக்குள்ளேயே இருக்கும், ஓ.சி.ஐ. அட்டை இந்தியக் குடியுரிமை ஆகாது. வெளிநாட்டில் வசித்தாலும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு 12,570 பவுண்டு வரையிலான வரிவிலக்கு வரம்பு உண்டு. அவருடைய 7,000 பவுண்டு அதற்குள் அடங்கிவிடுவதால், அங்கும் வரி வராது. இந்திய ரிட்டர்னில் அதை ஒப்பந்தத்தின்படி விலக்குப் பெற்ற வருமானமாகக் காட்டினால் போதும். அவருக்கு ஸ்டேட் பென்ஷன் தொடங்கும்போது, அது உங்களுடையதைப் போலவே இந்தியாவின் பக்கம் வரும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு பவுண்டு 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்கள் இரண்டு பென்ஷனும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 21.56 லட்சம் ரூபாய். கம்பெனி பென்ஷன் சம்பளத் தலைப்பில் வருவதால் 75,000 ரூபாய் நிலையான கழிவு கிடைக்கும். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறை விகிதங்களில் கணக்கிட்டால், செஸ் உட்பட வரி சுமார் 2,29,000 ரூபாய். நீங்கள் லெஸ்டரிலேயே இருந்திருந்தால், 12,570 பவுண்டு போக மீதிக்கு 20 சதவீதம், அதாவது 1,406 பவுண்டு, சுமார் 1,55,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். ஆக, உங்கள் விஷயத்தில் இந்திய வரிதான் அதிகம். இதைக் கேட்டதும் “அப்படியானால் அங்கேயே கட்டிவிடுகிறேனே” என்று தோன்றுவது இயல்பு. அதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தப்படி பிரிட்டனுக்கு உரிமையில்லாத வரியை நீங்கள் அங்கே கட்டினால், இந்திய வரித்துறை அதை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளக் கடமைப்பட்டதல்ல. அந்தப் பணத்தை நீங்கள் பிரிட்டிஷ் வரித்துறையிடமே திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் அந்த வரியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள்தான் கெடு.

ஆகவே பிடித்தத்தை அங்கேயே நிறுத்திவிடுவதுதான் வழி. நாட்டை விட்டுக் கிளம்பும்போது பி85 படிவத்தைப் பிரிட்டிஷ் வரித்துறைக்கு அனுப்புங்கள். இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலை வந்ததும், இந்திய வரித்துறையிடமிருந்து வசிப்புச் சான்றிதழ் பெற்று, ஒப்பந்தத்தின்படி விலக்குக் கேட்டு விண்ணப்பியுங்கள். அது ஏற்கப்பட்டால், உங்கள் கம்பெனி பென்ஷன் அலுவலகத்துக்கு ‘என்.டி.’ என்ற வரிக்குறியீடு அனுப்பப்படும். அதற்குப் பிறகு பென்ஷன் பிடித்தமில்லாமல் முழுதாக வரும். பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி ஏப்ரல் 5-இல் முடிகிறது, நம்முடையது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால், அவர்கள் தரும் ஆண்டுச் சான்றிதழின் தொகையை அப்படியே இந்திய ரிட்டர்னில் எழுத முடியாது. மாதாமாதம் வந்த தொகையைத் தனியாகக் குறித்து வையுங்கள். ரூபாய்க்கு மாற்றும்போது வங்கி உங்களுக்குக் கொடுத்த விகிதத்தை எடுக்காமல், பாரத ஸ்டேட் வங்கியின் டி.டி. (டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர், டிமாண்ட் டிராஃப்ட் அல்ல) வாங்கும் விகிதத்தை எடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், எப்போது திரும்புகிறீர்கள் என்பதைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் கிளம்பிய பிறகு திருத்த முடியாதது இது ஒன்றுதான். ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். அக்டோபர் 3-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வந்து இறங்கினால், மார்ச் 31-க்குள் 182 நாட்கள் நிறையாது. முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களை எட்டும் அளவுக்கு நீங்கள் இங்கே தங்கியிருக்காவிட்டால், அந்த நிதியாண்டு முழுவதும் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவீர்கள். அதற்குப் பிறகும் உடனே முழு வரி வந்துவிடாது. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தவருக்கு, திரும்பிய பிறகு வசிப்பவராகும் முதல் இரண்டு ஆண்டுகள் ‘சாதாரணமாக வசிக்காதவர்’, ஆடிட்டர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்று சொல்லும் நிலை கிடைக்கும். முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729-ஐத் தாண்டாவிட்டால் மூன்றாம் ஆண்டும் அது நீளலாம்.

அந்த ஆண்டுகளில் வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெறும் பென்ஷனுக்கு இந்தியாவில் வரி இல்லை. ‘வெளிநாட்டிலேயே பெறும்’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பென்ஷனை நேரடியாகக் கோவை வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லிவிட்டால், அது இந்தியாவில் பெற்ற வருமானம் ஆகிவிடும், ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருந்தாலும் வரி உண்டு. அதுவே முதலில் பிரிட்டன் கணக்கில் வரவாகி, பிறகு நீங்கள் இங்கே அனுப்பிக்கொண்டால் வரி இல்லை. தொகையும் ஒன்று, ஆளும் ஒன்று. பென்ஷன் அலுவலகத்துக்குக் கொடுத்த கணக்கு எண் மட்டுமே வேறு. ஊருக்குத் திரும்பும் உற்சாகத்தில் லெஸ்டர் வங்கிக் கணக்கை மூடிவிட்டு வருகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து அதை மூடாதீர்கள். இந்தக் காலத்தில் பிரிட்டனிடம் ஒப்பந்த விலக்குக் கேட்பதாக இருந்தால், இந்தியாவில் உங்கள் நிலை என்ன என்பதை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். இரு நாட்டிலும் வரி இருக்காது என்று குடும்ப வரவுசெலவைத் திட்டமிட வேண்டாம்.

கை வைக்காத பென்ஷன் சேமிப்புக்கும் இதே காலம்தான் முக்கியம். அதில் கால் பங்கை, 2,68,275 பவுண்டு என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, பிரிட்டனில் வரியில்லாமல் மொத்தமாக எடுக்கலாம். ஆனால் அந்தச் சலுகை பிரிட்டிஷ் சட்டம் தருவது. இந்திய சட்டம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. இங்கே முழுமையாக வசிப்பவரான பிறகு எடுத்தால், அந்தத் தொகைக்கு இந்திய வரித்துறை வரி கேட்க இடமுண்டு. எடுப்பதென்று முடிவு செய்திருந்தால், கிளம்பும் முன்போ, ஆர்.என்.ஓ.ஆர். ஆண்டுகளில் பிரிட்டன் கணக்கிலோ பெற்றுக்கொள்வதே நல்லது. வரிக்குப் பயந்து முழுச் சேமிப்பையும் ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். கால் பங்குக்கு மேற்பட்டதற்கு அங்கே வரி உண்டு, முதுமைக்கான பாதுகாப்பும் போய்விடும்.

ஆர்.என்.ஓ.ஆர். காலம் முடிந்த ஆண்டிலிருந்து, வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் அந்தப் பென்ஷன் சேமிப்பையும் ரிட்டர்னின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். வரி ஏதும் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு வழியுண்டு. “இங்கே எதையும் காட்ட வேண்டாம்” என்ற யோசனை மிகவும் ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான். அதே கட்டத்தில், பென்ஷன் சேமிப்பு அங்கே வளரும்போதே ஆண்டுதோறும் வரி கேட்கப்படாமல், பணத்தை எடுக்கும்போது மட்டும் வரி கட்டும் வாய்ப்பையும் தேர்ந்தெடுங்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு இந்தியா இந்த வசதியைத் தந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. அதனால்தான் இந்தியப் படிவ எண்களை இங்கே தரவில்லை.

ஸ்டேட் பென்ஷனைப் பற்றி இன்னொன்று. பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு அது ஆண்டுதோறும் உயரும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு உயராது. நீங்கள் கிளம்பும்போது என்ன தொகையோ, அதே பவுண்டு கணக்கில்தான் பத்து ஆண்டுகள் கழித்தும் வரும். கோவையில் வீட்டுச் செலவுக்குத் திட்டம் போடும்போது 10,600 பவுண்டை மாறாத தொகையாகவே எழுதிக்கொள்ளுங்கள். அதில் இந்திய வரியையும் கழித்த பிறகு நிற்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பணம்.