அவர் வாயாடி, நான் ஊமைக்கொட்டான்: ஒத்துவருமா?

வணக்கம் மேடம். எனக்கு 27 வயது, சொந்த ஊர் குடியாத்தம், ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கூடப் படித்த ஒருவரும் நானும் இரண்டு வருடமாக விரும்புகிறோம். அவருக்கு வேலூர் சத்துவாச்சாரி. காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிற பத்து நிமிஷத்தில் நாலு பேரிடம் பேசி போன் நம்பர் வாங்கிவிடுவார். நானோ வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே அடுப்படிக்குள் புகுந்துகொள்கிற ஆள். தோழிகள், காந்தம் மாதிரி எதிரெதிர்தான் ஒட்டும் என்கிறார்கள். அம்மாவோ, குணம் ஒத்துப்போகாட்டி வருஷம்கூடத் தாங்காதுடி என்கிறார். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது. போன மாதம் மட்டும், இருவரும் சேர்ந்து போட்ட சீட்டை எடுத்து, அதில் 40,000 ரூபாயை என்னிடம் சொல்லாமலே நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டார். அது பரவாயில்லை, அவர் சுபாவமே அப்படி. வைகாசியில் அவர் வீட்டில் பேச வருகிறார்கள். நாங்கள் ஒத்துவருவோமா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

காந்தக் கதையை முதலில் விடுங்கள், இரும்பு ஆணி காந்தத்தின் எந்த முனையிலும் ஒட்டும். ஒருவருக்கு இல்லாததை மற்றவர் நிரப்புவதால்தான் ஜோடி சேர்கிறது என்று 1950களில் ராபர்ட் வின்ச் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 25 தம்பதிகளை வைத்துச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதற்குக் கைகொடுக்கவில்லை. 1961இல் டான் பைர்ன் என்ற அமெரிக்க உளவியலாளர், முன்பின் தெரியாத ஒருவர் நிரப்பிய கருத்துப் படிவம் என்று சொல்லி ஒன்றை மாணவர்கள் கையில் கொடுத்தார். அது தங்கள் கருத்தோடு ஒத்துப்போனால் அந்த ஆளைப் பார்க்காமலேயே அவர்களுக்குப் பிடித்துப்போனது.

அப்படியானால் அம்மா சொல்வது சரியா? பாதிதான். 2023இல் வந்த ஓர் ஆய்வில் பிரிட்டனைச் சேர்ந்த ஏறக்குறைய 80,000 ஜோடிகளின் விவரங்களையும் பழைய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். படிப்பு, மத நம்பிக்கை, அரசியல் பார்வை, குடி, சிகரெட் இதிலெல்லாம் இருவரும் நன்றாகவே ஒத்திருந்தார்கள். கலகலப்பா கூச்சமா என்பதிலோ ஒற்றுமை இல்லவே இல்லை என்கிற அளவுக்குத்தான் இருந்தது. வாயாடியும் ஊமைக்கொட்டானும் சேர்வது ஊரில் தினம் நடக்கிற விஷயம், அதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. (ஒரே மாதிரி ஆட்கள் சேர்வதற்கு ஈர்ப்பு மட்டும் காரணமில்லை, ஒரே காலேஜ், ஒரே பஸ், ஒரே தெருவில் நாம் யாரைப் பார்க்கிறோமோ அவர்களில்தானே தேடுகிறோம்? நம் ஊரில் ஜாதியும் ஜாதகமும் முன்கூட்டியே சலித்துவிடுகின்றன, அது தனிக்கதை.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008இல் 313 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழகி நாளான ஜோடிகளிடம் உண்மையான ஒற்றுமை அவ்வளவாக வேலை செய்யவில்லை, "நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்று தோன்றுவதுதான் நெருக்கத்தோடு சேர்ந்து வந்தது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: பிடித்துப்போனவர் நம்மைப் போலவேதான் யோசிப்பார் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம், கேட்டுப் பார்ப்பதில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் காட்பாடி ஸ்டேஷனைவிட அந்தச் சீட்டுப் பணத்தில் என் கண் நின்றது. மாசாமாசம் கணக்கு எழுதுகிற பெண், 40,000 போனதற்குப் பரவாயில்லை என்கிறீர்கள், ஆனால் தொகையை மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கைமாற்று கொடுத்தது தப்பென்று நான் சொல்லவில்லை, ஆபத்துக்கு உதவுகிற மனசு நல்ல மனசுதான். உங்களிடம் சொல்லாமல் கொடுத்தார் என்பதைச் சுபாவக் கணக்கில் எழுதாதீர்கள். அது பணம் யாருடையது, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்கிற விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் சம்பளம், உங்கள் அம்மாவுக்குக் கொடுப்பது, அவர் தம்பி தங்கைக்குச் செய்வது எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வரும்.

வைகாசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு கோட்டைப் பக்கம் நடந்துகொண்டே அவரிடம் கேளுங்கள்: அந்தப் பணம் எப்போது வரும், அடுத்த தடவை இப்படி ஒரு நண்பர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? அவர்தான் நன்றாகப் பேசுவாரே, பேசட்டும். சிரித்து மழுப்பினால் மட்டும் அடுப்படிக்குள் போய்விடாமல் இன்னொரு தடவை கேளுங்கள்.