ரிப்போர்ட்டில் ‘பவல்’, ‘இலியம்’ என்று இருந்தால்? குடல் மருத்துவரின் பதில்கள்

‘பவல் கேஸால் கணையம் தெரியவில்லை’ என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். கணையத்தில் கோளாறா? (மேலூர் வாசகி)

அப்படி அர்த்தமில்லை. பவல் என்பது சிறுகுடல், பெருங்குடல் இரண்டுக்கும் பொதுப்பெயர். குடலில் காற்று நிறைந்திருந்தால் ஸ்கேனின் ஒலி அலை அதைத் தாண்டாது. பின்னால் இருக்கும் கணையம் மறைந்துவிடும். வலியோ காமாலையோ இருந்தால் வெறும் வயிற்றோடு போய் மறுபடி எடுக்கலாம், இல்லையென்றால் சிடி ஸ்கேன்.

‘டெர்மினல் இலியம் தடிப்பு’ என்று வந்திருக்கிறது. புற்றுநோய் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (உசிலம்பட்டி வாசகர்)

இலியம் என்பது சிறுகுடலின் கடைசிப் பகுதி. சுமார் 6 மீட்டர் நீளச் சிறுகுடல் வலது அடிவயிற்றில் பெருங்குடலோடு சேருமிடமே டெர்மினல் இலியம். பி12 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்வதும் அங்கேதான். அந்த இடம் தடித்திருந்தால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்போம். இருமலே இல்லாமலும் குடலில் காசநோய் வரும். டைபாய்டிலும், குடல் நாள்பட்டு அழற்சியாகும் க்ரோன்ஸ் நோயிலும் தடிக்கும். புற்றுநோய் அங்கே அபூர்வம்.

கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, ஒரு துளி சதை எடுத்துப் பார்த்துவிடுங்கள். காசநோய்க்கும் க்ரோன்ஸுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு இன்னொன்றின் மாத்திரையைப் போட்டால் உடம்பு கெடும். காசநோய் என்று உறுதியானால் பெரும்பாலும் 6 மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கீழே விழுந்த அப்பாவின் எக்ஸ்ரேயில் ‘இலியம்’ விரிசல் என்கிறார்கள். குடல் கிழிந்துவிட்டதா? (செல்லூர் வாசகர்)

பதற வேண்டாம், அது இடுப்பெலும்பு. வேட்டி கட்டும் இடத்தில் பக்கவாட்டில் கையை வைத்தால் தட்டுப்படும் மேடு அதன் விளிம்புதான். குடல் ileum, எலும்பு ilium; ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், தமிழில் எழுதினால் அதுவும் போய்விடும். எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

ஆபரேஷன் முடிந்த அம்மாவிடம் ‘காத்து பிரிஞ்சுச்சா?’ என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே?

மயக்க மருந்துக்குப் பிறகு குடல் அசைய ஆரம்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

மகனுக்கு வயிற்றுவலி. ‘குடல் ஏறிடுச்சு, எண்ணெய் தேய்ச்சு வழிச்சுவிடு’ என்கிறார் மாமியார். செய்யலாமா? (திருமங்கலம் வாசகி)

வேண்டாம்மா. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தி, காய்ச்சலும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அழுத்தி வழித்தால் குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவலாம். பேதி மருந்தும் கூடாது. சாப்பிட எதுவும் கொடுக்காமல் உடனே கூட்டிப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நடுராத்திரியிலும் பார்ப்பார்கள்.